சிறப்புப் பணி

மோகன்கஞ்ச்
மார்ச் 2

அன்புள்ள பேலி ஆபாவுக்குத் தம்பி டுலுவின் சலாம்.

அல்லாவின் கருணையில் நானும் என் மருந்துக்கடையும் எப்படியோ பிழைத்துக் கிடக்கிறோம். உன் உடம்பு எப்படி? டாக்காவில் இந்த வருஷம் கொசு ஆளையே தூக்கிக்கொண்டு போகிறதாமே, வலைக்குள் படுக்கிறாயா?

அம்மாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். கால் வீக்கம் வற்றவே இல்லை. காலையில் முகமும் ஊதிப்போய் இருக்கிறது. மைமன்சிங்குக்கு அழைத்துப் போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினேன். சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன என்கிறார். உறவுக்காரர்கள் வந்து பார்ப்பதென்றால் இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது என்றும் சொன்னார். உப்பைக் குறை என்றால் மருந்துக்கடைக்காரன் பேச்சை யார் கேட்கிறார்கள்? கருவாட்டுத் துவையலை எனக்குத் தெரியாமல் ஒளித்துவைத்துத் தின்கிறாள்.

அவளுக்கு இருப்பது ஒரே ஆசை. உன்னைப் பார்க்க வேண்டும். நீ வந்து இரண்டு பெருநாள் போய்விட்டது. வாசலில் நிற்கிறவர்கள் மகள் எப்படி என்று கேட்டால் போதும், "எங்க சார் நல்லா இருக்காங்க" என்று ஆரம்பித்துவிடுகிறாள். பெண் அதிகாரியானாலும் ஆபீசில் சார் என்றுதான் கூப்பிட வேண்டும், அக்கா முறையில் ஆபா கீபா என்றெல்லாம் வாய் தவறக்கூடாது என்று மீன்காரிக்கு வகுப்பெடுக்கிறாள். பேஷ்கார் பெண்டாட்டி இல்லையா? அப்பா காலமெல்லாம் கோர்ட்டுக் கச்சேரியில் குமாஸ்தாவாக மாஜிஸ்திரேட்டுகளுக்குச் சார் போட்டே தேய்ந்து போனார். அந்த வீட்டிலேயே ஒரு சார் பிறந்துவிட்டதே, பெருமைக்குக் கேட்கவா வேண்டும்.

நேற்று சோற்றைப் பிசைந்துகொண்டே, "டுலு, சார் எப்ப வர்றாங்களாம்? ஃபைல்ல கையெழுத்து ஆயிடுச்சாமா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான்தான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

பெருநாளுக்கு வா, ஆபா. அவள் கண்மூடுவதற்குள் ஒரு தடவை வந்துவிடு.

உன் தம்பி
டுலு


டாக்கா
மார்ச் 15

தம்பி டுலுவுக்கு என் துஆ. நலம். நலமறிய அவா.

உன் கடிதம் கிடைத்தது. பொருள் கவனிக்கப்பட்டது.

1. அம்மாவின் சோதனை முடிவுகளின் நகல்களை அனுப்பு. இங்கே ஒரு நிபுணரிடம் காட்டுகிறேன்.

2. கருவாடு உடனடியாக நிறுத்தப்பட வேண்டும். பொறுப்பு உன்னுடையது.

3. பெருநாளுக்கு வர இயலாத நிலை. பதவி உயர்வுக் குழு கூடப்போகிறது. இணைச் செயலாளர்களில் என் பெயர் மேலே இருப்பதாகச் சொல்கிறார்கள். இந்த நேரத்தில் நாற்காலியை விட்டு எழுந்தால் உட்கார ஆள் காத்துக்கொண்டிருக்கிறது. கூடுதல் செயலாளராக வந்து அம்மா முன்னால் நிற்கிறேன். அவளுக்கும் அதுதானே வேண்டும்.

4. ஒரு கோப்பு மட்டும் தொல்லை கொடுக்கிறது. உங்கள் பக்கத்து ஹாவோர்த் தாழ்நிலத்தில் வெள்ளத்தடுப்புக் கரை கட்டும் வேலை. பாதிக்கரை மண்ணே போடாமல் கிடக்கிறது. வேலை முடிந்ததென்று எழுதித் தரச் சொல்கிறார்கள். உடன்பாடில்லை என்று எழுதிவிட்டேன். இதை நீ கடையில் பேச வேண்டாம்.

அம்மாவிடம் சொல், சார் கட்டாயம் வருவார் என்று.

ஹோஸ்னே ஆரா


மோகன்கஞ்ச்
ஏப்ரல் 20

ஆபாவுக்குச் சலாம். உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுத மறந்துவிடுகிறாய்.

நீ எழுதினது கடிதமா சுற்றறிக்கையா? பேலி என்று போடாமல் ஆபீஸ் பெயரில் கையெழுத்து வேறு. அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். எண் போட்டு எழுதியிருப்பதைக் கேட்டு அவளுக்கு ஒரே பூரிப்பு. கருவாட்டு உத்தரவுக்கு மட்டும் முகம் சுண்டிப்போயிற்று.

இங்கே ஹாவோரில் தண்ணீர் ஏறி, நெல் அறுக்கும் முன்பே மூழ்கிவிட்டது. எந்தக் கரை உடைந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். சனங்கள் கழுத்துத் தண்ணீரில் நின்று பச்சைக் கதிரை அறுக்கிறார்கள். பார்க்கவே வயிறு எரிகிறது.

அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியாயிற்று. ரயிலில் மைமன்சிங் போய் வருகிறோம். திரும்பி வரும்போது வாழைத்தண்டு மாதிரி துவண்டு கிடக்கிறாள். ஆனால் ஸ்டேஷனில் யாராவது தெரிந்தவர் கண்ணில் பட்டால் போதும், எழுந்து உட்கார்ந்து உன் பதவி உயர்வைச் சொல்லிவிடுகிறாள். பட்டியல் வருவதற்கு முன்னாலேயே பள்ளிவாசலில் துஆ ஓதச்சொல்லி, இனிப்பும் கொடுத்தாயிற்று. தடுத்துப் பார்த்தேன். "என் பொண்ணுக்குக் கிடைக்காம வேற எவளுக்குக் கிடைக்கும்?" என்றாள்.

பட்டியல் வந்ததா? வந்தாலும் வராவிட்டாலும் நீ வா.

டுலு


டாக்கா
மே 30

டுலுவுக்குத் துஆ.

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம். பட்ஜெட் கூட்டத்தொடர் முடியும்வரை தலைநகரை விட்டு நகரக்கூடாதென்று உத்தரவு. அம்மாவிடம் சொல்லிவிடு.

இனிமேல் கடிதங்களை ஆபீஸ் முகவரிக்கு அனுப்பாதே. வீட்டுக்கே எழுது. ஆபீசில் தபால்கள் கலந்துவிடுகின்றன.

அம்மா தூங்குகிறாளா? சாப்பிடுகிறாளா? கருவாடு கேட்டால் கொஞ்சம் கொடு.

ஹோஸ்னே ஆரா


மோகன்கஞ்ச்
ஜூன் 11

ஆபாவுக்குச் சலாம். நீ நலமா? மெய்யாகவே கேட்கிறேன்.

கடிதத்தில் எண்ணே போடவில்லை. கருவாடு வேறு கொடுக்கச் சொல்லிவிட்டாய். அம்மாவிடம் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிட்டேன்.

கூடுதல் செயலாளர் பட்டியல் பேப்பரில் வந்துவிட்டதென்று ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார். உன் பெயரைத் தேடினாராம். நான் அதைப்பற்றி உன்னிடம் ஒன்றும் கேட்கப்போவதில்லை. அம்மாவுக்குக் கண்ணில் புரை, பேப்பர் படிக்க முடியாது. ஆனால் எனக்குக் கோபம் வருகிறது ஆபா. எந்தப் பதவிக்கும் உயிர் ஊசலாடுவதில்லை. இவளுக்கு ஊசலாடுகிறது. ஒரே ஒரு ராத்திரி வந்து தங்கிவிட்டுப் போனால் அரசாங்கம் கவிழ்ந்துவிடுமா?

குரலையாவது கேட்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். டெலிபோன் கடைக்கு ரிக்ஷாவில் அழைத்துப்போய் உன் ஆபீசுக்குப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

டுலு


டாக்கா
ஜூலை 3

டுலு,

நலம் விசாரித்து எழுதக் கை வரவில்லை. நீ நல்லவன், பொறுத்துக்கொள்வாய்.

ஆபீசுக்குப் போன் போடாதே. அங்கே நான் இல்லை. மே மாதம் முதலே இல்லை. என்னை ஓ.எஸ்.டி. ஆக்கிவிட்டார்கள். சிறப்புப் பணி அதிகாரி என்று அர்த்தம். சிறப்பும் கிடையாது, பணியும் கிடையாது. சம்பளம் வரும். அறை, மேசை, கார், டெலிபோன் எதுவும் இல்லை. காலையில் நூலக அறைக்குப் போய் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். என்னைப்போல அங்கே இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேப்பர் படிக்கிறோம். பிறகு போ என்றும் சொல்ல மாட்டார்கள், இரு என்றும் சொல்ல மாட்டார்கள்.

அந்தக் கரைக் கோப்புத்தான். கரை உடைந்ததும் உடன்பாடில்லை என்று எழுதினவள்தான் முதலில் கண்ணில் உறுத்தினாள். எழுதினதற்காக வருத்தமில்லை. இன்றைக்கும் அதையேதான் எழுதுவேன்.

என் சாமான்களை எடுக்கப் பழைய அறைக்குப் போனேன். ஹாஷெம் இருந்தான், இத்தனை வருஷம் எனக்குத் தேநீர் கொடுத்த பியூன். மரியாதையாகத்தான் எழுந்து நின்றான். "ஆபா, அலமாரிச் சாவி புது சார்கிட்ட இருக்கு" என்றான். முந்தின நாள்வரை அவனுக்கு நான் சார். அவன்மேல் தப்பில்லை, நாக்கு நாற்காலியைப் பார்த்துப் பேசுகிறது. ஆனால் படியிறங்கும்போது, டுலு, சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு இது தெரியவே கூடாது. பள்ளிவாசலில் இனிப்புக் கொடுத்தவள். இந்த நிலைமையில் அவளுக்கு இது தெரிந்தால் அதுவே அவளைக் கொன்றுவிடும். நேரில் வந்தால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். கடிதத்தில் பொய் சொல்லலாம், அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல முடியாது. சில மாதத்தில் திரும்பப் பணி கிடைக்கும் என்கிறார்கள். கிடைத்த அன்றே ரயிலேறுகிறேன். அதுவரை அவளைப் பத்திரமாக வைத்திரு.

பேலி


மோகன்கஞ்ச்
ஜூலை 14

ஆபா,

உன் கடிதத்தைக் கடைக்குள் உட்கார்ந்து படித்தேன். ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு அழுதேன். வந்தவர்கள் பாராசிட்டமால் இல்லாமல் திரும்பிப் போனார்கள்.

அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அதை விடு. எனக்கு வேறு பல விஷயங்களிலும் வாயைக் கட்டியிருக்கிறது, எல்லாவற்றையும் எழுத முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன், நம்பு. நீ இப்போதே வா. சும்மா வா. யாரும் உன்னை ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். கேட்டால் என்னைச் செருப்பால் அடி. பணி கிடைக்கட்டும் என்று காத்திருக்காதே. டாக்டர் இப்போது என்னிடம் மாதக் கணக்கே பேசுவதில்லை.

கிளம்பி வா, ஆபா.

டுலு


மோகன்கஞ்ச்
ஆகஸ்ட் 5

என் மகள் பேலிக்கு அம்மாவோட துஆ.

இது நானே எழுதறேன். கண்ணு தெரியல, எழுத்துக் கோணலாத்தான் இருக்கும், திருத்தாத. நேரத்துக்குச் சாப்பிடறியா? ராத்திரி தூக்கம் வருதா? எனக்கு ஒண்ணுமில்ல. டுலு மருந்து விக்கிறவன், நோயைப் பெருசாத்தான் சொல்லுவான்.

உனக்கு அங்க பெரிய வேலை. வந்தவங்க எல்லார்கிட்டயும் நான் அப்படித்தான் சொல்றேன். வேலையைப் போட்டுட்டு வான்னு நான் சொல்ல மாட்டேன். ஒழிஞ்ச நேரம் பாத்து வா. கார்ல வராத, ரோடு மோசம், ரயில்ல வா.

நீ கைக்குழந்தையா இருக்கறப்ப உங்கப்பாவை ஒரு புது மாஜிஸ்திரேட் வேலையில இருந்து நிறுத்தி வச்சான். ஒரு மாசம் மனுஷன் வீட்டுலயே இருந்தார். ஊரே உச்சுக் கொட்டுச்சு. ஆனா அந்த மாசம்தான் நானும் அவரும் ஒண்ணா உட்கார்ந்து சோறு தின்னோம். உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டுக் குளத்தங்கரைக்குப் போவார். அந்த மாதிரி ஒரு மாசம் எனக்கு அப்புறம் வாய்க்கவே இல்ல. இதை எதுக்கு எழுதறேன்னு தெரியல. வயசாயிடுச்சுல்ல.

உடம்பைப் பாத்துக்க.

அம்மா


டாக்கா
ஆகஸ்ட் 19

என் அம்மாவுக்குச் சலாம்.

உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை சந்தோஷம். ஒரு எழுத்துக்கூடக் கோணல் இல்லை. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

இங்கே மூச்சுவிட நேரமில்லை. நேற்று மந்திரியோடு கூட்டம். வெள்ளத்தைப் பற்றி நான்தான் பேசினேன், எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். மேசையில் கோப்பு மலையாகக் குவிந்து கிடக்கிறது. ஹாஷெம் கதவைத் தட்டி, "சார், சாப்பாடு ஆறுது" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டான். சாயங்காலம்தான் சாப்பிட்டேன். நீ திட்டுவாய் என்று தெரியும்.

இந்த வேலை முடிந்ததும் வருகிறேன். சத்தியமாக வருகிறேன். வந்து உன் காலடியிலேயே உட்கார்ந்திருப்பேன். அதுவரை மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு.

உன் சார்
பேலி


டாக்கா
அக்டோபர் 12

டுலுவுக்குத் துஆ. வீட்டில் எல்லாரும் தேறியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அம்மாவுக்கு மூன்றாம் நாள் ஓதி முடித்ததும் நான் கிளம்பிவிட்டது உனக்குக் கோபமாக இருக்கும். ஊரார் வந்து வந்து, "சாருக்கு லீவு கிடைக்கலியா?" என்று கேட்டார்கள். நீ பக்கத்தில் நின்று தரையைப் பார்த்தாய். அந்தக் கேள்வியைத் தாங்க முடியாமல்தான் ஓடிவந்தேன். அடக்கத்தன்று என் ரயில் வழியில் ஷியாம்கஞ்சில் நின்றிருந்தபோதே நீங்கள் மண் தள்ளி முடித்துவிட்டீர்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. செப்டம்பர் வெயிலில் எவ்வளவு நேரம் வைத்திருக்க முடியும், உன்னைக் குறை சொல்லவில்லை.

ஒரே ஒரு ஆறுதலைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியாது. மகள் சாராக இருக்கிறாள், மந்திரியோடு பேசுகிறாள் என்ற நினைப்போடு போய்ச் சேர்ந்தாள். நான் வராததற்கு அந்த ஒரு பலனாவது உண்டு. அதைக் காப்பாற்றிக் கொடுத்தவன் நீ. உனக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

பேலி


மோகன்கஞ்ச்
நவம்பர் 4

ஆபாவுக்குச் சலாம். நாற்பதாம் நாள் பாத்திஹா நல்லபடியாக முடிந்தது. நீ அனுப்பிய பணத்தில் ஏழைகளுக்குச் சோறு போட்டோம்.

உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சும்மா இருக்கலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. நீ எனக்கு நன்றி வேறு சொல்கிறாய். அதை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள என்னால் ஆகாது.

அம்மாவுக்குத் தெரியும். ஜூன் மாதமே தெரியும், உன் கடிதம் எனக்கு வருவதற்கு முன்பே. டெலிபோன் கடைக்கு அழைத்துப் போனேன். நம்பரைப் போட்டுக் கையில் கொடுத்தேன். அந்தப் பக்கம் ஹாஷெம். ஒரு வார்த்தை கேட்டாள், போனை வைத்துவிட்டாள்.  ரிக்ஷாவில் ஏறியதும் சொன்னாள்:

"'ஆபா இப்ப இங்க இல்லீங்க'ன்னான்டா."

"வெளிய எங்கயாவது போயிருப்பா."

"சார் இல்லன்னுதானடா சொல்லணும்? கச்சேரிச் சோறு தின்ன வீடு இது. நாற்காலி போனா மொதல்ல போறது அந்தச் சார்தான். என் பொண்ணை எழுப்பி விட்டுட்டாங்க."

நடுரோட்டில் என் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள், உன்னிடம் மூச்சுவிடக் கூடாதென்று. ஏன் என்று சண்டை போட்டேன். "அவ அப்பன் மாதிரி மானஸ்தி. நமக்குத் தெரியும்னு தெரிஞ்சா இந்தப் படி ஏற மாட்டா. அவளா வந்து சொல்லட்டும். வேலைதான் இல்லியே, இப்பவாவது வருவாடா" என்றாள்.

இப்பவாவது வருவாள் என்று அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட இருந்தது ஆபா. அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. டாக்கா ரயில் வரும் நேரத்துக்கு ஒரு பிடி அரிசி கூடப் போடச் சொல்வாள். மந்திரி கூட்டம் என்று எழுதினாயே, அதை அவளுக்குப் படித்துக் காட்டினவன் நான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஹாஷெம் சார் என்று சொன்ன இடம் வந்ததும், "போதும், நிறுத்து" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் மீன்காரி வந்தபோது, "சாருக்கு மந்திரியோட கூட்டமாம்" என்று அவளே சொன்னாள்.

உனக்காக அவள் பொய் சொன்னாள், அவளுக்காக நீ சொன்னாய். நடுவில் நான் இரண்டையும் சுமந்துகொண்டு திரிந்தேன். இனி சுமக்க மாட்டேன். திட்டுவதானால் திட்டு.

டுலு


டாக்கா
டிசம்பர் 21

அன்புத் தம்பி டுலுவுக்கு,

உனக்கும் வீட்டாருக்கும் அல்லா நல்ல சுகத்தைக் கொடுக்கட்டும். பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். உன்னைத் திட்ட என்ன இருக்கிறது? சொல்லாமல் விட்டிருந்தால்தான் திட்டியிருப்பேன்.

எனக்குத் திரும்பப் பணி கொடுத்துவிட்டார்கள். வேறு அமைச்சகம், அதே பழைய பதவி. அறை இருக்கிறது, கார் இருக்கிறது, சார் என்கிறார்கள். காதில் விழும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது.

இந்த வருஷம் முழுக்க யோசித்தால் ஒன்றுதான் நிற்கிறது. மே முதல் செப்டம்பர் வரை இத்தனை பெரிய டாக்காவில் என்னைத் தேட ஒரு ஆள் இல்லை. தேடின ஒரே ஒருத்தி ரயில் போய் முடியும் ஊரில் கிடந்தாள். என்னைப் பிடித்துவைக்க ஒரு கோப்புகூட இல்லை. லீவு கேட்க வேண்டிய அவசியமே இல்லை, டுலு. நாள் முழுக்க நூலகத்தில் உட்கார்ந்து பழைய பேப்பர் படித்தேன். அப்பா வீட்டில் இருந்த அந்த ஒரு மாதத்தைப் பற்றி அவள் அவ்வளவு கஷ்டப்பட்டு எழுதினாள். வயசான பேச்சு என்று நினைத்துக்கொண்டு அதற்கு மந்திரி கதை எழுதினேன்.

ஊருக்கு வந்து அம்மாவின் கபர் பக்கத்தில் கொஞ்ச நாள் இருக்கலாம் என்று நேற்று விடுப்பு விண்ணப்பம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கீழே அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பிரிவு அலுவலர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். புதிதாகச் சேர்ந்த பெண். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினாள்.

"சார், காரணத்துல ஒரு தப்பு இருக்கு. 'உடம்பு முடியாத அம்மாவைப் பார்க்க'ன்னு எழுதியிருக்கீங்க. உங்கம்மா தவறிட்டாங்கன்னு சொன்னீங்களே சார்."

வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துத்தான். இத்தனை வருஷ வேலையில் ஒரு பிழையான வரியை நான் மேசையை விட்டுப் போகவிட்டதில்லை. திருத்தித் தருகிறேன் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு நாள் முழுக்கப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வரியை அடிக்க எனக்குக் கை வரவில்லை, டுலு.

பேலி